முதல் வரிசைக்குப் பத்து டாலர்

நியூயார்க்கில் மேற்கு 46ஆம் தெருவில் இருக்கிறது ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் நாடக அரங்கு. 2015 ஜூலையில் அங்கே 'ஹாமில்டன்' ஓடத் தொடங்கியபோது, காட்சிக்கு முன்னால் வாசலில் ஒரு குலுக்கல் நடக்கும். சீட்டில் பெயரை எழுதிப் போட வேண்டியது. பெயர் விழுந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். கொடுக்க வேண்டியது பத்தே டாலர். ஏன் பத்து என்றால், அமெரிக்கப் பத்து டாலர் நோட்டில் இருக்கும் முகம் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனுடையது. நாடகமும் அவர் கதைதான். ஹாமில்டனைக் கொடுத்து ஹாமில்டனைப் பார் என்கிற குறும்பு.

இருந்தது 21 இடம். வந்து நின்றவர்கள் பல நூறு பேர். பெரும்பாலானவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பப் போகிறார்கள் என்பது நாடகக்காரர்களுக்கும் தெரியும். அதனால் நாடகத்தை எழுதி, இசையமைத்து, ஹாமில்டனாகவும் நடித்துக்கொண்டிருந்த லின்-மானுவல் மிராண்டா, சக நடிகர்களைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து சில நிமிடம் பாடி ஆடிக் காட்டுவார். போகப் போக, குலுக்கலில் விழாவிட்டாலும் பரவாயில்லை, இதைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றே ஒரு கூட்டம் வந்தது. தெரு அடைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு இதே நாடகத்தின் டிக்கெட் வெளியே கைமாறிய விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஒரே அரங்கு, ஒரே மாலை. ஒருவர் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால், நடிகரின் வேர்வை தெறிக்கும் தூரத்தில், பத்து டாலர் கொடுத்த மாணவி உட்கார்ந்திருக்கிறாள். இது தர்மமா, விளம்பரமா, கணக்கு தெரியாத வியாபாரமா? தர்மமும் விளம்பரமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கணக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தவர்கள்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். ராட்ஜர்ஸ் அரங்கில் 1,319 இருக்கை. பிராட்வே என்று சொல்லும் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் வாரத்துக்கு எட்டுக் காட்சி போடுவார்கள். அதற்கு மேல் நடிகர்களின் தொண்டையும் முழங்காலும் தாங்காது. ஆக வாரத்துக்கு 10,552 இடம். சினிமா என்றால், மவுசு கூடியதும் ஊரிலுள்ள தியேட்டரெல்லாம் அதே படத்தைப் போட்டுவிடலாம், காலை நாலு மணிக்காட்சி வரைக்கும் திறக்கலாம். நாடகத்தில் அந்த வேலை நடக்காது. எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் இருப்பது அந்தப் பத்தாயிரத்துச் சொச்சம்தான்.

கேட்பவர்கள் அதிகம், இடம் குறைவு என்றால் யாருக்கு இடம் என்று எப்படியாவது முடிவு செய்தாக வேண்டும். பணத்தை வைத்து முடிவு செய்யலாம். யார் முதலில் வந்து நின்றார் என்று பார்க்கலாம், அதாவது நேரத்தை வாங்கிக்கொள்ளலாம். குலுக்கிப் போட்டு அதிர்ஷ்டத்திடம் விடலாம். தெரிந்தவர், வேண்டியவர் என்று கொடுக்கலாம். பிராட்வேயில் இந்த நாலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மலிவு டிக்கெட் என்று நாம் சொல்வதற்கும் விலை உண்டு. அதை டாலரில் வசூலிக்காமல் உங்கள் நேரத்திலோ, நிச்சயமின்மையிலோ, கழுத்து வலியிலோ வசூலிக்கிறார்கள். உங்களிடம் எது மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த வாசலில் போய் நிற்பது என்பதும் தெரிந்துவிடும்.

பத்து டாலர் குலுக்கலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1996இல் 'ரென்ட்' என்ற இசை நாடகம் பிராட்வேக்கு வந்தது. நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் வாடகை கொடுக்க வழியில்லாத இளம் கலைஞர்களைப் பற்றிய கதை. அதை எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன், சிறிய அரங்கொன்றில் முதல் முன்காட்சி நடக்கவிருந்த அன்று, ஜனவரி 25 விடியற்காலையில், 35 வயதில் இறந்துபோனார். நாடகம் பெரும் வெற்றி பெற்று 41ஆம் தெருவின் நெடர்லேண்டர் அரங்குக்குப் போனது. அப்போது தயாரிப்பாளர்களுக்கு ஒரு உறுத்தல். யாரைப் பற்றிய கதையோ அவர்களால் பிராட்வே டிக்கெட் வாங்க முடியாது. ஜெஃப்ரி செல்லர், கெவின் மக்காலம் என்ற அந்தத் தயாரிப்பாளர்கள் முதல் இரண்டு வரிசையை, 34 இருக்கைகளை, தலைக்கு 20 டாலர் என்று அன்றன்றைக்கு விற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது விலையை அல்ல, இடத்தை. மலிவு இருக்கை என்றால் மேல்மாடியின் கடைசி வரிசை என்பதுதான் அதுவரை வழக்கம். இவர்கள் முன்வரிசையைக் கொடுத்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் காத்திருந்து வாங்கிய டிக்கெட்டோடு மேடைக்குக் கீழே உட்கார்ந்தால் அவர்கள் கைதட்டும் விதமே வேறு. நடிகருக்கு அது தெம்பு. பின்னால் முழு விலை கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கும் இது சாதாரண நாடகம் இல்லை என்ற எண்ணம் தானாக வரும். அந்தப் பிள்ளைகள் ஒரு வகையில் நாடகத்தின் பகுதியாகிவிட்டார்கள். அவர்களுக்கென்று 'ரென்ட்ஹெட்' என்ற பட்டப்பெயரும் வந்தது.

சிக்கல் வரிசையில் வந்தது. முதலில் வருபவருக்கே டிக்கெட் என்றதும், மாலையில் நின்றவர்கள் காலையில் நிற்கத் தொடங்கினார்கள். பிறகு முதல் நாள் இரவே போர்வையோடு வந்து நடைபாதையில் படுத்தார்கள். 41ஆம் தெருவின் அந்தப் பகுதி, பேருந்து முனையத்துக்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் இரவில் படுக்கத் தகுந்த இடமல்ல. பயந்துபோய் 1997இல் வரிசையை ஒழித்துவிட்டுக் குலுக்கலைக் கொண்டுவந்தார்கள். இன்று பிராட்வே முழுக்கப் பரவியிருக்கும் டிக்கெட் குலுக்கலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான். பதினெட்டு ஆண்டு கழித்து 'ஹாமில்டன்' வந்தபோதும் தயாரிப்பாளர் அதே ஜெஃப்ரி செல்லர்தான்.

வரிசையா, குலுக்கலா, எது நியாயம் என்று கேட்டால் பலரும் வரிசை என்றுதான் சொல்வார்கள். கஷ்டப்பட்டவனுக்குக் கிடைக்கிறது என்ற நிறைவு அதில் இருக்கிறது. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. வரிசையில் நிற்க நேரம் வேண்டும். கல்லூரி மாணவனுக்கு இருக்கும். இரவு வேலை முடித்து வந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய செவிலியருக்கு இருக்காது. தவிர, நேரத்தையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம்.

இதற்கு நல்ல சாட்சி சென்ட்ரல் பார்க். 'ஹாமில்டனை' முதலில் மேடையேற்றிய பப்ளிக் தியேட்டர் என்ற நிறுவனம்தான் அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கில் கோடைதோறும் ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிறது. ஜோசஃப் பாப் தொடங்கி வைத்த மரபு. அந்த அரங்கு 1962இல் திறந்தது. டிக்கெட் இலவசம். விடிகாலையில் வந்து புல்தரையோரம் வரிசையில் உட்கார்ந்தால் நண்பகலில் ஆளுக்கு இரண்டு டிக்கெட் கொடுப்பார்கள். ஏழை, பணக்காரன் எல்லோரும் ஒரே வரிசை என்பதுதான் இதன் அழகு. 2010 கோடையில் ஹாலிவுட் நட்சத்திரம் அல் பசினோ 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வட்டிக்காரன் ஷைலக்காக நடித்தார். உங்களுக்குப் பதிலாக நான் வரிசையில் நிற்கிறேன், இவ்வளவு கொடுங்கள் என்று இணையத்தில் விளம்பரங்கள் முளைத்துவிட்டன. அவற்றை எடுக்கச் சொல்லி மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே தலையிட வேண்டியிருந்தது. வட்டிக்காரனைப் பற்றிய நாடகத்துக்கு இப்படியொரு வியாபாரம் என்பது ஷேக்ஸ்பியருக்கே பிடித்திருக்கும்.

குலுக்கலுக்கும் வேறு விதத்தில் சோதனை வந்தது. தெரு தாங்காது, குளிர்காலம் வேறு என்று 'ஹாமில்டன்' குலுக்கலை 2016 ஜனவரியில் இணையத்துக்கு மாற்றினார்கள். முதல் நாளே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் நுழைந்ததில் தளம் படுத்துவிட்டது. இருந்ததோ 21 இடம். கிட்டத்தட்ட 2,400 பேருக்கு ஓர் இடம். தெருவில் நடந்தவரை நுழைவுக்கு ஒரு விலை இருந்தது: ரயிலேறி வர வேண்டும், குளிரில் நிற்க வேண்டும், ஒரு மாலையை இழக்க வேண்டும். அந்தச் சிரமம்தான் கூட்டத்தைச் சில நூறில் நிறுத்தி, வந்தவர்களுக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் போதும் என்றானதும், வாய்ப்பு எல்லோருக்கும் வந்தது. வந்த வேகத்தில் ஒன்றுமில்லாமலும் போனது. எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று ஆண்டாகக் காலை காப்பியோடு நாலு நாடகத்துக்குத் தட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார். இதுவரை விழுந்தது ஒன்று. அதுவும் அவர் ஊரில் இல்லாத நாள்.

இனி பணத்தின் பக்கம். நாடகத்தின் டிக்கெட்டில் அச்சடித்த விலை 150 டாலர், வெளியே போகிற விலை 800 என்றால், நடுவில் இருக்கும் 650 யாருக்கு? நம் ஊர் வழக்கில் ப்ளாக்கில் விற்பவருக்கு. அங்கே இது நூறாண்டுக்கு மேலான தொழில். அச்சடித்த விலைக்கு மேல் 50 சென்ட்டுக்கு அதிகமாக வைத்து மறுவிற்பனை செய்யக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நீதிபதிகள் ஐந்துக்கு நாலு என்று பிரிந்திருந்தார்கள். பிறகு வேறு வேறு வடிவத்தில் வந்த வரம்புகளையும் 2007இல் மாநிலம் தளர்த்திவிட்டது. அதற்குள் வாசலில் நின்று கிசுகிசுத்தவர் போய், கணினி நிரல் வந்துவிட்டது. 'பாட்' என்கிறார்கள். விற்பனை தொடங்கிய நொடியில் ஆயிரம் ஆள் போல வேடமிட்டு வாங்கிக் குவிக்கும். நியூயார்க் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் ஓர் உதாரணம் இருக்கிறது: மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த 'யு2' ராக் இசைக்குழுவின் கச்சேரிக்கு ஒரே தரகர் ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட் வாங்கியிருக்கிறார். அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. பெரிய கச்சேரிகளில் பாதிக்கும் குறைவான டிக்கெட்தான் பொதுவிற்பனைக்கே வருகிறது. மீதி முன்விற்பனைக்கும் உள்ளே வேண்டியவர்களுக்கும் போய்விடுகிறது. பாட்டை மட்டும் திட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைப் பேசுவதில்லை.

2016 ஜூனில் மிராண்டா பாட்களுக்கு எதிராக நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அந்த டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட, பாட் வைத்து டிக்கெட் அள்ளுவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. அதன் கீழ் முதல் வழக்கு வருவதற்கு 2021 ஆனது. சட்டத்தின் வேகத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தயாரிப்பாளர்கள் சட்டத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. தரகர் எடுக்கும் லாபத்தை நாமே எடுத்தால் என்ன என்று யோசித்தவர்கள் 'தி புரொட்யூசர்ஸ்' நாடகத்தார். 2001 அக்டோபரில், அதிகபட்ச டிக்கெட் 100 டாலராக இருந்த நேரத்தில், நல்ல இடங்கள் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து 480 டாலர் என்றார்கள். ஊரே திட்டியது. இரண்டொரு ஆண்டில் ஊரே அதைப் பின்பற்றியது. 2016 ஜூனில் 'ஹாமில்டன்' உச்ச விலையை 475இலிருந்து 849 டாலராக்கியது. அதே அறிவிப்பில், குலுக்கல் இடங்களை 21இலிருந்து 46 ஆக்கினார்கள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தது தற்செயல் அல்ல. 46 பேரும் கொடுக்கும் பத்துப் பத்து டாலரைக் கூட்டினால் 460. ஒரே ஒரு 849 டாலர் டிக்கெட்டின் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது. குலுக்கல் இடங்களை முழு விலைக்கு விற்காததால் போகும் பணத்தைப் பணக்காரர் வரிசையில் எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே, இது எல்லோருக்குமான நாடகம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் கிடைக்கிறது. 849க்குக் கோபப்படுபவரிடம் காட்ட ஒரு பத்து டாலர் வேண்டுமே.

இதைப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. 1966லேயே வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் நூறு பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்வார்கள். மேடையில் அது நடக்காது. நால்வர் வாசிக்கும் இசையை மூவர் வாசிக்க முடியாது, அரை மணி நேரத்துக்கானதைப் பத்து நிமிடத்தில் முடிக்கவும் முடியாது. ஆனால் அந்த நால்வருக்கும் ஊரிலுள்ள மற்றவர்களைப் போலச் சம்பளம் ஏறத்தான் வேண்டும். அதனால் மேடைக் கலையின் செலவு மற்றவற்றை விட வேகமாக ஏறிக்கொண்டே போகும். 'ஹாமில்டன்' திரை தூக்குவதற்கு முன்பே ஒன்றேகால் கோடி டாலர் செலவாகியிருந்தது. அதற்குப் போட்ட பணம் சில மாதத்தில் திரும்பியது. பிராட்வேக்கு வரும் இசை நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போட்ட பணம் திரும்புவதே இல்லை. அதனால்தான் ஒன்று ஓடினால், ஓடும்போதே பிழிந்துவிடுகிறார்கள். 2025 வசந்தத்தில் டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லன்ஹாலும் நடித்த 'ஒதெல்லோ'வின் உச்ச விலை 921 டாலர். முன்காட்சிகள் நடந்த ஒரே வாரத்தில் 28 லட்சம் டாலர் வசூல். சில மாதமே இருக்கப் போகிற நட்சத்திரம் என்றால் விலை இப்படித்தான் நிற்கும். அதே பருவத்தில் ஜார்ஜ் குளூனி நடித்த நாடகத்தின் ஒரு காட்சியை ஜூன் 7 அன்று சிஎன்என் நேரடியாக ஒளிபரப்பியது. அரங்கில் நூற்றுக்கணக்கான டாலர், வீட்டு சோஃபாவில் இலவசம். அரங்கு அன்றும் நிறைந்துதான் இருந்தது.

ஊரிலிருந்து அப்பா அம்மா நியூ ஜெர்சிக்கு வந்தால் பலரும் அவர்களைக் கூட்டிப்போகும் இடம் டைம்ஸ் சதுக்கத்தின் சிவப்புப் படிக்கட்டு. 27 கண்ணாடிப் படிகள், 2008இல் கட்டியது. படம் எடுத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன என்று தெரியாது. அது ஒரு டிக்கெட் கவுன்டரின் கூரை. 'டிகேடிஎஸ்' என்று பெயர். தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு 1973 ஜூனில், பிராட்வே ஈயடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு டிரெய்லரை நிறுத்தித் தொடங்கியது. அன்றிரவு விற்காமல் கிடக்கும் இடங்களை அன்றே பாதி விலைக்குத் தள்ளுவது. காட்சி தொடங்கிவிட்டால் காலி இருக்கைக்கு மதிப்பு பூஜ்யம். சந்தை கலையும் நேரத்தில் கீரைக்கட்டு விலை இறங்குவது போலத்தான்.

என் அப்பாவை முதல் முறை அங்கே கூட்டிப்போனபோது ஜூலை வெயில். வரிசை வளைந்து வளைந்து போயிருந்தது. கால்மணி நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏண்டா, இவ்வளவு பேரும் வெயில்ல நிக்கிறது டிராமா பாக்கவா? நான் ரேஷன் கடைன்னுல்ல நெனச்சேன்." பலகையில் நாடகங்களின் பெயரும் தள்ளுபடி விகிதமும் ஓடிக்கொண்டிருந்தன, 20 சதவீதம், 40, 50. அவர் கேட்ட நாடகம் மட்டும் இல்லை. இருக்காது. உச்ச மவுசில் இருப்பது இந்தப் பலகைக்கு வருவதே இல்லை, ஏனென்றால் அங்கே விற்காமல் மிஞ்சுவது எதுவும் கிடையாது. அந்தக் கவுன்டருக்கு ஏதோ ஒரு நாடகம் பார்ப்போம் என்று போக வேண்டும். இந்த நாடகம்தான் என்று பிடிவாதத்தோடு போனால் வெயில்தான் மிச்சம். இசை நாடகம் வேண்டாம், வசன நாடகம் போதும் என்றால் தனிச் சாளரம் உண்டு, வரிசை பெரும்பாலும் சின்னது. அன்று நாங்கள் அப்படித்தான் தப்பித்தோம்.

அந்த அமைப்பே இன்னொன்றும் நடத்துகிறது, ஏனோ நம்மவர்களிடம் அவ்வளவாகப் பரவவில்லை. மாணவர், ஆசிரியர், 62 வயதுக்கு மேற்பட்டவர், அரசு ஊழியர் என்று சில பிரிவினர் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தால் பல நாடகங்களுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் கிடைக்கும். இருக்கையை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்; நமக்கு அதில் பேச்சில்லை.

சரி, மவுசுள்ள நாடகம்தான் வேண்டும் என்றால்? முதலில், நேரே அரங்கின் பாக்ஸ் ஆபீஸுக்கு, அதாவது வாசலிலுள்ள டிக்கெட் சாளரத்துக்குப் போவது. இணையத்தில் வாங்கினால் டிக்கெட்டுக்கு மேல் சேவைக் கட்டணம் சேரும். சாளரத்தில் அது இல்லை. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஒரு டிக்கெட்டின் பாதி விலைக்கு வந்து நிற்கும். அதைவிட முக்கியம், உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் பேசலாம். ஒவ்வொரு காட்சிக்கும் தயாரிப்பாளர், எழுத்தாளர், நடிகர்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் பெயரில் சில நல்ல இடங்களை எடுத்து வைத்திருப்பார்கள். 'ஹவுஸ் சீட்' என்று சொல்வது. யாரும் கேட்கவில்லை என்றால் காட்சிக்கு ஓரிரு நாள் முன்னால் அவை அச்சடித்த விலைக்கே விற்பனைக்கு வரும். மூன்று மாதம் முன்பு "எல்லாம் தீர்ந்தது" என்று காட்டிய அதே தேதிக்கு முந்தின நாள் நடு வரிசையில் இரண்டு இடம் திடீரென்று தெரிவதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது 'ரஷ்'. காலையில் பாக்ஸ் ஆபீஸ் திறக்கும்போது அன்றைய காட்சிக்கு ஒதுக்கிய சில இடங்களை, பெரும்பாலும் 30 முதல் 50 டாலருக்குள், வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பார்கள். சில நாடகங்கள் இதைச் செயலிக்கு மாற்றிவிட்டன; விரல் வேகம்தான் அங்கே வரிசை. அரங்கு நிறைந்த நாளில் மட்டும் விற்கும் நின்று பார்க்கும் டிக்கெட்டும் சில இடங்களில் உண்டு. கீழ்த்தளத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரில் எண் போட்டிருக்கும். இரண்டே முக்கால் மணி நேரம் கால் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாளாகப் போவது இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சலுகை. ஜோடி ஜோடியாக விற்றுத் தீர்ந்த அரங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றை இருக்கைகள் கிடக்கும். கணவன் மனைவியானாலும் இரண்டு மணி நேரம் பிரிந்து உட்காரச் சம்மதம் என்றால் கதவு திறந்துவிடும். சண்டை போட்டுக்கொண்டு வந்த நாளாக இருந்தால் இன்னும் வசதி.

காலமும் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்து சுற்றுலாக் கூட்டம் வடிந்த ஜனவரி, பிப்ரவரியில் பிராட்வே சுருண்டுகொள்ளும். ஒன்றின் விலைக்கு இரண்டு டிக்கெட் என்று நகரமே சலுகை விடுவதும் அப்போது உண்டு. செவ்வாய், புதன் இரவுகள் சனிக்கிழமையை விடச் சல்லிசு. பனிப்புயல் எச்சரிக்கை வந்த நாள் இருக்கிறதே, அது ரஷ் வரிசைக்காரர்களின் தீபாவளி.

லண்டன் இதே சிக்கலை வேறு குணத்தோடு கையாள்கிறது. லெஸ்டர் சதுக்கத்தில் அரை விலைக் கவுன்டர் 1980இல் வந்தது. 2003இல் நேஷனல் தியேட்டர் தன் பெரிய அரங்கில் ஏராளமான இடங்களை 10 பவுண்டுக்கு விட்டது. நிக்கோலஸ் ஹைட்னர் இயக்குநராக இருந்த காலம். ஒரு நிறுவனத்தின் நன்கொடை துணை நின்றது. அந்த அரங்குக்கு அரசு மானியம் இருக்கிறது, அதனால் பார்வையாளரை வரவழைப்பது அவர்கள் கடமை. பிராட்வேக்கு அந்தக் கடமை இல்லை. ஹாரி பாட்டர் நாடகம் 2016இல் வந்தபோது 'வெள்ளிக்கிழமை நாற்பது' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: வெள்ளி பகல் ஒரு மணிக்கு, அடுத்த வாரக் காட்சிகளுக்கு நாற்பது நாற்பது டிக்கெட், இரண்டு பாகமும் சேர்த்து 40 பவுண்டு. எல்லாம் மூலை இடங்கள் அல்ல. அரங்கின் நல்ல இடங்களும் கலந்திருக்கும். 2017 இறுதியில் விக்டோரியா பேலஸுக்கு 'ஹாமில்டன்' போனபோது காகித டிக்கெட்டையே கொடுக்காமல் விட்டார்கள். எந்தக் கார்டில் பணம் கட்டினீர்களோ அதை வாசலில் தேய்த்தால்தான் உள்ளே விடுவார்கள். கார்டை யாரும் ப்ளாக்கில் விற்க மாட்டார்கள் அல்லவா. தரகர்கள் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பரிசாகக் கொடுக்க வாங்கியவர்கள் கொஞ்சம் திண்டாடினார்கள்.

மலிவு இருக்கைக்கு நான் கட்டிய விலை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிசம்பர் காலை ஏழரை மணிக்கு ஓர் அரங்கின் வாசலில் மூன்றாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், கம்பளி எல்லாவற்றோடும் வந்திருந்த அனுபவசாலி. என் செருப்பைப் பார்த்து, பரிதாபப்பட்டு, காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொடுத்தார். சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாமல் இருக்க அதுதான் மருந்தாம். பத்து மணிக்குக் கிடைத்தது 39 டாலருக்கு இடது பக்க பாக்ஸ் இருக்கை, அதாவது மேடையோரம் பக்கச் சுவரை ஒட்டிய சின்ன மாடத்தில் ஓர் இடம். மேடைக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேடையின் இடது மூலை மட்டும் சுவரில் மறைந்துபோனது. முக்கியமான ஒரு பிரிவுக் காட்சி முழுவதும் அந்த மூலையிலேயே நடந்தது; அழுகுரல் கேட்டது, அழுதவரின் முழங்கை மட்டும் அவ்வப்போது தெரிந்தது.

இடைவேளையில் வராந்தாவில் அட்டைப்பெட்டிக்காரரைப் பார்த்தேன். அவருக்கு வலது பக்க பாக்ஸ். அவர் பக்கத்து மூலையில் நடந்த கத்திச் சண்டையை அவர் பார்க்கவில்லை. பாப்கார்ன் வரிசையில் நின்றபடி அவர் எனக்குப் பிரிவையும், நான் அவருக்குச் சண்டையையும் நடித்துக் காட்டினோம்.